மழைத்தெருவின் ஓவியம்: ரஸாவின் பம்பாய் நீர்வர்ணங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ்த் திறனாய்வு கவிதை, நாவல், நாடகம் ஆகியன குறித்து நிகழ்த்திய விவாதங்களோடு ஒப்பிடுமிடத்து, ஓவியம் குறித்து அது பேசியது மிகக் குறைவே. பேச நேர்ந்த வேளைகளிலும் ‘இப்படம் எதைக் காட்டுகிறது?’ என்ற ஒரே வினாவுடன் பெரும்பாலும் அமைதி கண்டுவிட்டது. உழைக்கும் மக்களின் முகம் படத்திலிருந்தால் அது முற்போக்கானது; மலையும் மரமும் மழையும் இருந்தால் அது நழுவல்வாதம். இவ்வளவில் தீர்ப்பு முடிந்துவிடும். மறுபுறத்தில், ‘தூய கலை’யின் காவலர்கள் நிறத்தின் இசைவையும் கோட்டின் ஓட்டத்தையும் வியந்துவிட்டு, அந்நிறம் எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எத்தகைய வாழ்நிலையிலிருந்த ஒருவரின் கையால் இடப்பட்டது என்று கேளாமலே போய்விடுவர். இவ்விரு சாராரும் ஒருசேரத் தவறவிடும் படவகை ஒன்று உண்டு. நகரத் தெருவைத் திறந்த வெளியில் இருந்தபடி, நீர்வர்ணத்தில், விரைந்து தீட்டும் படமே அது. சையத் ஹைதர் ரஸா 1940களில் பம்பாயில் தீட்டிய மழைக்காலத் தெருக்காட்சிகளை முன்வைத்து அவ்வகைப் படத்தை எவ்வாறு நோக்கலாம் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட விடயம். அச்சுப் பிரதிகள் வாயிலாகவே நம்மிற் பெரும்பாலோர் இப்படங்களை அறிவோம் என்பதையும், நீர்வர்ணத்தின் நுண்மைகளிற் பாதி அச்சில் அழிந்துவிடும் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

பம்பாய்த் தெருவைப் பற்றிச் சப்ரகமுவையிலிருந்து பேசுவானேன் என்று வாசகர் வினவக்கூடும். நியாயமான வினாவே. திறந்தவெளி நீர்வர்ணம் என்ற கலைமுறை நமது பிரதேசத்துக்குப் புதியதன்று. ஆனால் அது இங்கு வந்த வழி வேறு. 1846இல் கொழும்பு அக்கடமியில் சித்திரம் கற்பிக்க வந்த அயர்லாந்து ஓவியர் அன்ட்ரூ நிக்கல், 1848இல் காடுகளினூடாகப் பயணஞ்செய்து அநுராதபுரத்து இடிபாடுகளை வரைந்தார். அதே ஆண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் ஆங்கில ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர் என்பது வரலாறு. நகைச்சுவைப் பாடல்களால் பெயர்பெற்ற எட்வேட் லியர், இந்திய வைசிராய் நோர்த்புரூக்கின் அழைப்பின்பேரில் இந்தியாவைச் சுற்றிவந்த காலத்தில், 1874 நவம்பரில் இலங்கைக்கும் வந்து இரத்தினபுரிவரை சென்று வரைந்தார். லியரின் முறை குறிப்பிடத்தக்கது. வெளியில் நின்று பென்சிலாற் கோடிட்டு, இன்ன இடத்தில் இன்ன நிறம் என்று சொற்களால் எழுதிவைத்து, நாளையும் சிலவேளை மணியையும் பொறித்துக்கொள்வார். மையும் வர்ணமும் பின்னர், அறைக்குள், ஓய்வாக இடப்படும். ஆக, நிறம் அவர் நினைவிலிருந்து வந்தது. மழை நின்ற பின்னர் வந்தது.

இக்காட்சிகளிலே மனிதர் உளர். ஆனால் அளவைக் காட்டுவதற்காகவே உளர்: ஒரு மரம் எவ்வளவு உயரம் என்பதைப் புலப்படுத்த அதன் அடியில் ஓர் உருவம். நிலம் மட்டும் முழுமையாகத் தெரியுமாறு பார்வை உயரத்தில் அமைந்திருக்கும். அவ்வுயரம் எதுவென்று தோட்டத்தில் வளர்ந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. துரை பங்களா எப்போதும் எங்கிருக்கும் என்பதை அவர் அறிவர். லியர் இரத்தினபுரியைப் பார்த்துச் சென்று இரண்டாண்டுகளுக்குள், 1876இல், கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து இறப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்தன. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் மலைச்சரிவுகளை மாற்றியமைத்த அவ்வுழைப்பின் தடத்தை இவ்வகை நிலக்காட்சி மரபு தன் பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை. எனவே நீர்வர்ண நிலக்காட்சியை ஐயத்துடன் நோக்குவதற்கு நமக்குக் காரணம் உண்டு. ஆயின் அவ்வையம் கலைமுறையின் மீதா, பார்வையின் மீதா என்று தெளிந்துகொள்ள வேண்டும். ரஸாவின் படங்கள் அதற்கு உதவுகின்றன.

ரஸா 1922இல் மத்திய மாகாணத்தின் மண்ட்லா மாவட்டத்திற் பிறந்தவர். தந்தையார் வனத்துறை உத்தியோகத்தர். நாகபுரிக் கலைப்பள்ளியிற் பயின்று 1943இல் பம்பாய் வந்தார். ஜே.ஜே. கலைப்பள்ளியிற் சேர்வதற்குக் காலம் தாழ்த்தி வந்தமையால் கிடைத்த உதவித்தொகையும் கைநழுவ, அச்சுக்கான ‘புளொக்’ செய்யும் நிலையமொன்றிற் சித்திரக்காரராக வேலைக்கமர்ந்தார். பகலிற் பிறருக்காகக் கோடு வரைந்தார். வேலை நேரத்துக்கு வெளியே கிடைத்த பொழுதுகளில் தமக்காகத் தெருவைத் தீட்டினார். இச்செய்தி அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளிலெல்லாம் இடம்பெறுவது. இளமைத் துன்பத்தின் சான்றாகவே அது கூறப்படுவது. படத்தின் அமைப்போடு அதனைத் தொடர்புபடுத்திப் பார்ப்போர் அரியர். ரஸாவின் பம்பாய்ப் படங்களிற் காணப்படும் வேகத்தை – கட்டிடங்கள் விளிம்பு கரைந்து நிற்பதையும், வண்டியும் டிராமும் இரண்டு மூன்று தூரிகைத் தீற்றல்களில் முடிந்துவிடுவதையும் – அவருடைய உணர்ச்சிக் கொந்தளிப்பின் விளைவாக விளக்குவது எளிது. ‘வெளிப்பாட்டுவாதம்’ என்ற சொல்லும் அதற்குத் துணைவரும். வேலைக்குச் செல்லும் ஒருவனுக்கு எஞ்சிய நேரம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தால் அவ்வேகத்தின் ஒரு பகுதியேனும் கடிகாரத்தினால் வந்தது என்பது புலனாகும். எண்ணெய் வர்ணம் காய்வதற்கு நாட்கள் வேண்டும்; செலவும் அதிகம். நீர்வர்ணப் பெட்டியும் ஒரு தாளும் கைப்பையில் அடங்கும். உணர்ச்சி இல்லையென்பது எமது கருத்தன்று. உணர்ச்சிக்குக் கிடைத்த நேரம் அவ்வளவே என்பதுதான்.

அவர் கண்ணைப் பயிற்றியவர்களைப் பற்றியும் ஒரு சொல். வால்ட்டர் லங்ஹாமர் என்ற ஒஸ்திரிய ஓவியர், தம் மனைவி யூதராகையால், 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பிப் பம்பாய் வந்து ‘டைம்ஸ் ஒப் இந்தியா’ இதழின் கலை இயக்குநரானார். ரூடொல்ஃப் வொன் லெய்டன் என்ற ஜேர்மானியர் கலை விமரிசகராக இளம் ஓவியருக்கு ஆதரவளித்தார். ஒஸ்கார் கொகோஷ்காவின் கொதிக்கும் நிறங்களை லங்ஹாமர் வழியாகவே பம்பாய் இளைஞர் அறிந்தனர் என்பர். பாசிசத்திலிருந்து ஓடிவந்தவர்கள், ஏகாதிபத்தியத்தின் துறைமுக நகரொன்றில், ஊர் விட்டு வந்த கிராமத்து இளைஞனொருவனுக்கு நகரத்தைப் பார்க்கக் கற்பித்தனர். இருசாராருக்கும் அந்நகரம் சொந்தமன்று. ரஸாவின் தெருக்களில் எந்தக் கட்டிடமும் உறுதியாக ஊன்றி நிற்பதில்லை என்பதற்கு மழை மட்டுமே காரணமாகாது என்று நமக்குப் படுகிறது.

இனிப் படங்களைப் பார்ப்போம். கோட்டைப் பகுதியின் ஃபுளோரா நீரூற்றுச் சதுக்கம் போன்ற இடங்களை மழையில் அவர் தீட்டியவற்றை எடுத்துக்கொள்வோம். 1864இல் எழுப்பப்பட்ட அந்நீரூற்றின் உச்சியில் ரோமானியப் பூந்தேவதை நிற்கிறாள். சுற்றிலும் ஆங்கிலேயரின் வங்கிகள், வணிக மனைகள். ஆட்சியாளர் தம் நிலைபேற்றைக் கல்லிற் பொறித்த இடம் அது. கட்டிடக் கலைஞனின் வரைபடத்தில் அவை நேர்கோடுகள். நீர்வர்ணத்தில், ஈரத்தாளின் மீது ஈர நிறம் இடப்படும்போது கோடு நிலைப்பதில்லை. நிறம் தானே பரவி அடுத்த நிறத்துடன் கலக்கிறது. பருவமழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் முதலில் இட்ட பூச்சு உலர மறுக்கும். ஓவியன் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேரலாம்: உலரும்வரை காத்திருந்து தெளிவான விளிம்பைப் பெறலாம், அல்லது ஈரத்தின் போக்கை ஏற்று, அதனைத் தன் கருத்துக்கு இசைவிக்கலாம். ரஸா பின்னதைத் தேர்ந்தார். விளைவாக, கல்லும் வானமும் ஒரே பொருளாலானவைபோல ஒன்றினுள் ஒன்று இறங்குகின்றன. வங்கியின் முகப்பு ஒழுகுகிறது. சாம்பலும் நீலமும் மண்ணிறமும் கலந்த அப்பரப்பில் எஞ்சும் ஒளி, வர்ணத்தால் ஆக்கப்பட்டதன்று; தாளின் வெண்மையைத் தொடாமல் விட்டதால் வந்தது. நீர்வர்ணத்தின் அடிப்படை இலக்கணமே இதுதான். எண்ணெய் ஓவியன் வெள்ளையைக் கடைசியில் வைப்பான். நீர்வர்ணக்காரன் அதனை முதலிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். இடையிடையே ரஸா ஒளிபுகாத தடித்த வர்ணத்தையும் பயன்படுத்தினார் என்பது உண்மையே. ஆயினும் நனைந்த தெருவின் பளபளப்பை அவர் பெற்றது பெரிதும் இந்த விட்டுவிடுதலினால்தான்.

இப்படங்களில் நிழல் இல்லை, பிரதிபலிப்பு உண்டு. இது சிறு வேறுபாடன்று. நிழல் இருந்தால் பொழுது தெரியும். சூரியன் எத்திசை என்பது தெரியும். மழைத்தெருவில் பொழுது தொலைந்துவிடுகிறது. தமிழ் வாசகருக்கு இவ்வனுபவம் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது. ‘நெடுநல்வாடை’யில் நகரத்து மகளிர், ஞாயிறு மறைந்திருப்பதால், பிச்சிப்பூவின் அரும்பு விரிவதைக்கொண்டே மாலையானதை உணர்ந்து விளக்கேற்றுகின்றனர். பகலும் இரவும் மயங்கிய அந்நகரில் புறாக்கள் இரை தேடாமல் கால் மாறி மாறி நிற்கின்றன. வேனிலில் வீசிய விசிறி தொங்கிக்கிடக்கிறது. அகன்ற தெருவில் கள்ளுண்டவர்கள் தூறலைப் பொருட்படுத்தாது திரிகின்றனர். தொல்காப்பியர் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே வைத்தமை நமக்குப் பாடமாக்கப்பட்ட செய்தி. மழைத்தெருவின் நீர்வர்ணத்தில் பொழுது மங்கும்போது நிலம் என்னவாகிறது, அதன்மேல் இயங்கும் மனிதர் என்னவாகின்றனர் என்று கேட்டுப் பார்ப்பது, அவ்விலக்கணத்தைப் பரீட்சைத்தாளிலிருந்து மீட்டெடுக்கும் வழிகளில் ஒன்று.

மனிதர் பற்றிய வினாவே இங்கு முதன்மையானது. ரஸாவின் தெருக்களில் மக்கள் திரள் உண்டு; தனி முகம் இல்லை. தூரிகை நுனியின் ஓர் அழுத்தம் ஓர் ஆள். லியரின் மரத்தடி உருவத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கும் புள்ளி, இங்கும் புள்ளிதானே? ‘மக்களைப் புள்ளிகளாக்கிய கலை’ என்று ஒரு முற்போக்கு விமரிசகர் இதனை ஒதுக்கிவிட இடமுண்டு. அவசரப்பட வேண்டியதில்லை என்பது எமது கருத்து. காலனித்துவ நிலக்காட்சியின் உருவம் அசையாது நிற்பது. அதனை அகற்றினாலும் படம் குலையாது. ரஸாவின் புள்ளிகள் ஒரு திசையில் செல்பவை, வண்டியைக் கடப்பவை, சாய்ந்த மழைக்கு எதிராகத் தாமும் சாய்பவை. அவற்றை எடுத்துவிட்டால் எஞ்சுவது வெற்று ஈரம். மழையின் விசை எவ்வளவு என்பதை நமக்கு அறிவிப்பவை அந்த உடல்களே. முகம் இல்லாமலிருப்பதும், குடையின் கீழ், விரைந்து செல்லும் ஒருவனை மற்றொருவன் காண்கின்ற முறைக்கு மாறானதன்று.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு நீங்கவில்லை. இப்படங்கள் பலவற்றில் பார்வை சற்று உயரத்திலிருந்து, மேல்மாடிச் சாளரத்தினின்றும் நோக்குவதுபோல, கீழிறங்குகிறது. மழையில் தாளைக் காக்கக் கூரை வேண்டுமென்ற நடைமுறைத் தேவை இருந்திருக்கலாம். காரணம் எதுவாயினும், உயரம் உயரந்தான். மேலிருந்து பார்ப்பவனுக்கு மழை அழகாகத் தோன்றுவதற்கான வாய்ப்பு அதிகம். சேறு அவன் காலில் படுவதில்லை. ரஸாவின் சில தாள்களில் மழை தன் அழகிலேயே மயங்கிவிடுகிறது என்று சொல்லத்தான் வேண்டும். 1943இல் வங்கத்தில் பஞ்சம். 1946 பெப்ரவரியில் இதே கோட்டைப் பகுதித் தெருக்களில் கடற்படையினரின் எழுச்சி, அவர்களுக்கு ஆதரவாகத் தொழிலாளரின் வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு. அவ்வாண்டே ரஸாவுக்குப் பம்பாய்க் கலைச் சங்கத்தின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. சித்தப்பிரசாத் பஞ்சத்தின் முகங்களை மையாற் பதித்த காலத்தில் ரஸா ஈரத் தெருக்களைத் தீட்டிக்கொண்டிருந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் பயனற்றது. சித்தப்பிரசாத்தின் கோடு நமக்குச் செய்தியைத் தருகிறது, அது இன்றியமையாதது. ரஸாவின் நீர்ப்பரப்பு வேறொன்றைத் தருகிறது: நிலைத்தது என்று கருதப்பட்ட ஓர் ஆட்சியின் தலைநிலத்தை, அது நிலையற்றுக் கரைவதுபோல ஒருவன் கண்ட காட்சி. அவன் அதனைத் திட்டமிட்டுக் கண்டானா என்பது வேறு வினா. அச்சதுக்கம் பின்னர் ஐக்கிய மகாராஷ்டிரப் போராட்டத்தில், 1955 நவம்பரில், துப்பாக்கிச் சூட்டுக்குக் களமாகி, இன்று உயிர்நீத்தோர் சதுக்கம் என்ற பொருளில் ‘ஹுதாத்மா சௌக்’ எனப்படுகிறது. படத்திலிருந்து வரலாற்றை ஊகிக்கலாகாது. வரலாற்றை அறிந்தபின் படத்தை முன்போல் பார்க்கவும் இயலாது.

ரஸாவின் பிற்காலம் இக்கருத்துக்கு எதிர்மறையாகத் துணைசெய்கிறது. 1947இல் சூசா, ஆரா, உசேன், காடே, பாக்ரே ஆகியோருடன் ‘முற்போக்குக் கலைஞர் குழு’வை அமைத்தார். நம்மூர் வாசகர் அப்பெயரைக் கண்டு மயங்குதல் கூடாது. குழுவின் முதற் கண்காட்சி நடந்த 1949இலேயே, கலைக்கும் மக்களுக்குமான உறவு பற்றித் தாம் முன்னர் கொண்ட கருத்தைச் சூசா கைவிட்டார். பிரிவினையின் பின் ரஸாவின் குடும்பத்தார் பாகிஸ்தான் சென்றனர். அவர் இந்தியாவிலேயே தங்கி, 1950இல் பிரெஞ்சு அரசின் உதவியுடன் பாரிசு சென்றார். அங்கு 1951இல் தீட்டிய ‘ஓ த கான்யே’ போன்ற படங்களில் நகரம் இருக்கிறது, மனிதர் இல்லை. வீடுகள் கூரிய விளிம்புள்ள கட்டங்களாக, உலர்ந்து, அடுக்கப்பட்டிருக்கின்றன. செசானைக் கற்றதன் பயன் அது என்பர். அமைப்பு இறுகியது என்பதை நாமும் ஏற்போம். மழை நின்றுவிட்டது, தெருவில் எவரும் இல்லை. பின்னர் வந்த ‘பிந்து’ ஓவியங்கள் அவருக்குப் புகழைத் தந்தன. 2010இல் ‘சௌராஷ்டிரா’ என்ற படம் இலண்டன் ஏலத்தில் பதினாறு கோடி ரூபாவுக்கும் மேல் விலைபோயிற்று. 2016இல் ரஸா காலமானபோது எழுதப்பட்ட அஞ்சலிகளில் பம்பாய் நீர்வர்ணங்கள் பயிற்சிக்காலத்து முயற்சிகளாக ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்பட்டன. சந்தை விலையும் கலைவரலாறும் கைகோத்துச் செல்லும்போது முதலில் விடுபடுவது தெருவே.

ருவான்வெல்லைக்குத் திரும்புவோம். குருகொட ஓயாவின் கரையில், அவிசாவளையிலிருந்து கேகாலை செல்லும் வீதியில் அமைந்த இச்சிறு நகர் மழைக்குப் பெயர்பெற்றது. 1936இல் என். எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பிய தொகுதி என்ற வகையில் முற்போக்காளர் இதனை நினைவுகூர்வர். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது சூரியமல் இயக்கத்தினர் கேகாலைப் பகுதியில் ஆற்றிய நிவாரணப் பணி அதற்குப் பின்னணி. சுற்றியுள்ள இறப்பர்த் தோட்டங்களிலிருந்து மக்கள் சாமான் வாங்க இறங்கிவரும் கடைத்தெரு இது. பம்பாய் மழையைப் படத்திற் காணும் நகரவாசியும் இத்தோட்டத்து வாசகரும் ஒரே மழையைக் காண்பதில்லை. அதிகாலையில் மரப்பட்டை நனைந்திருந்தால் பால்வெட்டு இல்லை. வெட்டிய பின் பெய்தாலோ சிரட்டையிற் சேர்ந்த பாலைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். பிரட்டுக்குச் சென்று திரும்பியவருக்கு அன்றைய பேர் விழுமா, அரைப்பேராவது கிடைக்குமா என்பது வானத்தைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி. மரங்களுக்கு மழைக்காப்புப் பொருத்தும் முறை அண்மைக் காலங்களில் வந்துள்ளதாயினும் அக்கேள்வி முற்றாக அகலவில்லை. இத்தகைய வாசகர் ரஸாவின் படத்தில் முதலிற் பார்ப்பது நிறத்தையன்று. அந்த மழையிலும் தெருவில் இத்தனை பேர் ஏன் நடக்கின்றனர் என்பதையே. அவர்களுக்கு அன்றைய கூலி உண்டு போலும்! ஓவியத் திறனாய்வுப் புத்தகங்கள் எவற்றிலும் இல்லாத இக்கேள்வி, படத்தின் உள்ளமைப்புக்கு மிக அண்மையிற் செல்லும் கேள்வியென்று நாம் கருதுகிறோம். சாய்ந்த புள்ளிகளின் சாய்வை விளக்குவது அதுவே.

நக்கீரர் இவ்விடத்து மீண்டும் நினைவுக்கு வருகிறார். ‘நெடுநல்வாடை’ நகரத்தில் தொடங்கவில்லை, அரண்மனையிலும் தொடங்கவில்லை. வெள்ளத்துக்கு அஞ்சி மாடுகளை ஓட்டிக்கொண்டு பழகிய நிலத்தைவிட்டு வேற்று நிலம் ஏறிய கோவலர், மாலை நனைந்து ஒழுக, தீமூட்டிக் கைகாய்ச்சிக் கொண்டு நடுங்குவதில் தொடங்குகிறது. தெருவும் மாடமும் அரசியின் கட்டிலும் அதற்குப் பின்னரே. மழையின் முதல் செய்தி அதில் வேலை செய்வோர் உடம்பில் எழுதப்படுகிறது என்ற ஒழுங்கு அப்புலவனுக்குத் தெரிந்திருந்தது. ரஸாவின் தாள்களில் நாம் குறையாகக் காண்பது மக்கள் முகத்தையன்று, இந்த ஒழுங்கையே. அவர் மாடத்திலிருந்து தொடங்கித் தெருவுக்கு இறங்குகிறார். இறங்கிவிடுகிறார் என்பதே அவரை லியரிடமிருந்து பிரிக்கிறது.

நம் நாட்டில் இவ்வகை முயற்சிக்கு மரபு இல்லாமலில்லை. பம்பாயில் ரஸா காலூன்றிய அதே 1943இல் கொழும்பில் ‘43 குழு’ தோன்றியது. அதற்கு முன்னரே, 1938இல், எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் வின்சரின் பெயரால் ஒரு கலைக்கழகத்தை நடத்தி ஆசிரியர்களையும் மாணவர்களையும் வரையத் தூண்டினார். மலையகத்தின் கடைத்தெருக்கள் மட்டும் இன்னும் தாளுக்கு வரவேண்டியிருக்கின்றன. வருமாயின், ஓவியர் எங்கு அமர்வார் என்பது முதல் வினா. ருவான்வெல்லையில் பழைய கோட்டையின் கல்வாயிலைத் தன் வளவுக்குட் கொண்ட வாடிவீடு இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் மழை அழகாகத் தெரியும். பஸ் தரிப்பிடத்தின் தகரக் கூரையின் கீழும் ஒதுங்கலாம். அங்கே தாள் உலராது, தோளோடு தோள் உரசும், அரைமணி நேரத்துக்குள் பஸ் வந்து காட்சியில் நிற்பவர்களைப் பாதியாகக் குறைத்துவிடும். அதற்குள் எந்த இடத்தில் வெண்மையை விட்டுவைப்பது என்று முடிவு செய்தாக வேண்டும்.